காயம்பட்ட மான் கிட்டாமல் போனபோது: வில்வேட்டையும் அம்புத் தேர்வும் குறித்த கேள்வி பதில்கள்

வட அமெரிக்காவில் உரிமம் பெற்று, அனுமதிக்கப்பட்ட பருவத்தில், காம்பவுண்ட் வில்லால் (கப்பிகள் பொருத்திய நவீன வில்) வெண்வால் மானை வேட்டையாடுபவன் நான். ஒரு நவம்பர் மாலையில் நான் எய்த அம்பு மானின் மேல் தைத்ததைக் கண்ணால் கண்டேன். ஆனால் மான் கிட்டவில்லை. அதன்பின் மற்றவர்கள் என்னிடம் கேட்டவையும் நானே என்னைக் கேட்டுக்கொண்டவையுமான கேள்விகளையும், அவற்றுக்கு நான் கண்ட விடைகளையும் கீழே தொகுத்திருக்கிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றமாகும் என்பதால், இங்குள்ளவை அனைத்தும் வேட்டை சட்டப்படி நடக்கும் இடங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

அன்று என்ன நடந்தது?

தரையிலிருந்து சுமார் 5 மீட்டர் உயரப் பரணில் அமர்ந்திருந்தேன். வெளிச்சம் மங்குவதற்கு இருபது நிமிடங்களுக்கு முன் ஓர் ஆண் மான் வந்து, தொலைவுமானியில் 24 மீட்டர் காட்டிய இடத்தில் நின்றது. அது பக்கவாட்டாக நிற்கவில்லை. அதன் மார்பு என் பக்கம் பாதி திரும்பியிருந்தது. இன்னும் இரண்டு அடி வைத்தால் திரும்பிவிடும் என்று தெரிந்திருந்தும் நான் காத்திருக்கவில்லை. அம்பு தைத்தபோது காய்ந்த கிளையை முழங்காலில் வைத்து முறித்தது போன்ற சத்தம் கேட்டது. தண்டின் பெரும்பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மான் ஓடி மறைந்தது.

அரை மணி நேரம் கழித்து இறங்கிப் பார்த்தேன். அறுபது மீட்டர் தள்ளி, 72 சென்டிமீட்டர் நீளமுள்ள தண்டில் 52 சென்டிமீட்டர் முறிந்து கிடந்தது. முதலில் உள்ளங்கை அளவில் இருந்த இரத்தம், பிறகு நாணய அளவாகி, கடைசியில் ஓர் இலையில் கடுகளவு துளியாக நின்றுவிட்டது. மொத்தம் ஏறத்தாழ 180 மீட்டர். மறுநாள் காலை முதல் நண்பர்கள் இருவருடன் ஆறு மணி நேரம் தேடியும் பயனில்லை.

தவறு அம்பிலா, எய்தவரிடமா?

பெரும்பங்கு என்னிடம்தான். மார்பு நம் பக்கம் பாதி திரும்பி நிற்கும் மானின் நுரையீரலை அடைய அம்பு தோள்பட்டை எலும்பையோ, அதற்குக் கீழே முன்னங்காலின் மேலெலும்பையோ கடந்தாக வேண்டும். அவற்றைத் தவிர்க்க நினைத்துச் சற்றுப் பின்னால் குறி வைத்தால் அம்பு ஈரலையும் இரைப்பையையும் நோக்கிப் போய்விடும். அப்படியொரு கோணத்தில் எய்துவிட்டு, முனை சரியில்லை, தண்டு சரியில்லை என்று புலம்புவது ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

ஆனால் அம்புக்கும் ஒரு பங்கு உண்டு. அன்று நான் வைத்திருந்த அம்பின் மொத்த எடை 390 கிரெய்ன். அதாவது 25 கிராமுக்குச் சற்று அதிகம். முனையோ, தைக்கும்போது அலகுகள் விரிந்து 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டும் வகையைச் சேர்ந்தது. மென்மையான விலாப்பகுதியில் பெரிய காயம் உண்டாக்குவதற்காக அமைந்த அந்த முனை, எலும்பில் மோதியதும் விரிவதற்கே விசையில் ஒரு பகுதியைச் செலவிட்டு, மீதியையும் அகன்ற அலகுகளின் தடையில் இழந்தது. தண்டு முறிந்த இடத்தைப் பார்த்தால் அது மோதலில் முறிந்ததாகத் தெரியவில்லை. நார்கள் ஒரு பக்கமாகப் பிளந்திருந்தன. ஓடும்போது முன்னும் பின்னும் அசையும் தோள் எலும்புக்கும் விலாவுக்கும் இடையில் சிக்கிக் கத்தரிபோல் வெட்டுண்டிருக்க வேண்டும். அப்படியானால் அம்பு உள்ளே போனது அதிகபட்சம் ஒரு சாண் அளவுதான்.

எந்த நிலையில் நிற்கும் மானை எய்யலாம்?

முழுப் பக்கவாட்டு நிலையும், தலை நம்மிடமிருந்து பாதி விலகித் திரும்பியிருக்கும் விலகிச் சாய்ந்த நிலையும் மட்டுமே என் பட்டியலில் இப்போது உள்ளன. விலகிச் சாய்ந்து நிற்கும் மானில், அம்பு கடைசி விலாக்களின் ஊடே நுழைந்து எதிர்ப்பக்க முன்தோளை நோக்கிப் போகும். வழியில் இரண்டு நுரையீரல்களும் வெட்டுப்படும். எங்கே நுழைகிறது என்பதைவிட எங்கே வெளியேறும் என்பதை நினைத்துக் குறி வைக்க வேண்டும். முதுகெலும்புக்குக் கீழே, நுரையீரலுக்கு மேலே ஒரு வெற்றிடம் இருப்பதாகவும், அங்கே அம்பு பட்டால் மானுக்கு ஒன்றும் ஆகாது என்றும் வேட்டைக்காரர்கள் சொல்லிக்கொள்வதுண்டு. உண்மையில் நுரையீரல் முதுகெலும்பை ஒட்டியே விரிந்திருக்கிறது. அவர்கள் சொல்லும் அம்பு பெரும்பாலும் முதுகெலும்புக்கு மேலேயுள்ள சதையில் பட்டதாகவே இருக்கும்.

பரணின் உயரமும் கவனிக்க வேண்டியது. மான் பரணுக்கு மிக அருகில் நின்றால் அம்பு செங்குத்தாக இறங்கி ஒரே ஒரு நுரையீரலை மட்டும் கிழிக்கக்கூடும். அந்தக் காயத்துடன் மான் வெகுதூரம் போகும்.

நாண் ஒலி கேட்டு மான் பதுங்குவது எவ்வளவு பெரிய பிரச்சினை?

மானுக்கு அம்பு வருவது தெரியாது. ஒலி கேட்டதும் பாய்ந்து ஓடுவதற்காகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்துகிறது, அவ்வளவுதான். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. என் பழைய அம்பு 87 மீட்டர் சென்றது. 24 மீட்டர் தொலைவில் ஒலி போய்ச் சேர்ந்தபின் அம்பு வந்து சேர ஐந்தில் ஒரு வினாடி ஆகும். மான் அசையத் தொடங்கப் பத்தில் ஒரு வினாடி எடுப்பதாக வைத்துக்கொண்டால், மீதி நேரத்தில் அதன் உடல் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தாழும். இதே கணக்கை 36 மீட்டருக்குப் போட்டால் 20 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. அது நுரையீரலுக்கும் முதுகுக்கும் உள்ள வேறுபாடு. தொலைவைப் பற்றிய பேச்சில் நம் குறி தவறாது என்பதையே பெருமையாகச் சொல்கிறோம்; குறி அசையும் என்பதை மறந்துவிடுகிறோம்.

அம்பு தைத்தவுடன் செய்ய வேண்டியது என்ன?

மான் நின்ற இடம், ஓடிய திசை, கடைசியாகக் கண்ணில் பட்ட மரம் ஆகிய மூன்றையும் பரணிலிருந்தே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் அந்தத் திசையைப் படமெடுத்துக்கொள்வது இன்னும் நல்லது. கீழே இறங்கியதும் எல்லாம் வேறு மாதிரித் தெரியும். பிறகு சத்தமில்லாமல் அம்பைத் தேடி எடுத்துப் பார்க்க வேண்டும். ஒளிரும் நாக் (அம்பின் பின்முனையில் நாணைக் கவ்வும் சிறு துண்டு) பொருத்தியிருந்தால் அம்பு தைத்த இடமும் விழுந்த இடமும் தெளிவாகத் தெரியும். அம்பில் மின்சாதனம் பொருத்துவதற்கான விதி மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடலாம். முன்கூட்டியே விதிகளைப் பார்த்துக்கொள்ளவும்.

அம்பிலும் தரையிலும் உள்ள இரத்தம் என்ன சொல்லும்?

நுரைத்த, வெளிர்சிவப்பான இரத்தத்தில் சிறு குமிழிகள் இருந்தால் அது நுரையீரல். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரலாக இருக்கலாம். அம்பில் பச்சையோ பழுப்போ கலந்த ஈரமும் புளித்த நாற்றமும் இருந்தால் இரைப்பையோ குடலோ கிழிந்திருக்கிறது. குமிழியில்லாத நல்ல சிவப்பு இரத்தம் முதலில் தாராளமாக வந்து, பிறகு படிப்படியாகக் குறைந்தால் அது சதைக் காயம். என் மானின் தடம் இந்தக் கடைசி வகையே. ஆனால் முதல் ஐம்பது மீட்டரில் கொட்டியிருந்த இரத்தத்தைப் பார்த்து நான் ஏமாந்தேன்.

உதிர்ந்த மயிரையும் பார்க்க வேண்டும். அடிவயிற்று மயிர் வெளுத்திருக்கும். முதுகுப்புற மயிர் நீண்டு, நுனியில் கறுத்திருக்கும். அம்பு மேலே பட்டதா, கீழே பட்டதா என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடைக்காது.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

நுரையீரல் என்று உறுதியானால் அரை மணி நேரம் போதும். ஈரல் என்றால் 4 முதல் 6 மணி நேரம். குடல் என்றால் 8 முதல் 12 மணி நேரம். மாலையில் எய்தது என்றால் மறுநாள் காலைவரை. குடலில் அம்பு பட்ட மான் பெரும்பாலும் அருகிலேயே போய்ப் படுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு எழுப்பிவிட்டால் கிலோமீட்டர் கணக்கில் போய்விடும். அதன்பின் இரத்தத் தடமும் இருக்காது. வெப்பமான நாளில் இறைச்சி கெட்டுவிடுமே, மழை வந்தால் தடம் அழியுமே என்ற கவலைகள் நியாயமானவை. ஆயினும் எழுப்பப்பட்ட மானைவிடக் கெட்டுப்போன இறைச்சி குறைந்த தீங்கு என்பது என் முடிவு. இறைச்சி போனாலும் விலங்கின் வேதனை நீளாது.

தடம் அற்றுப்போனால் எப்படித் தேடுவது?

கடைசித் துளி இருந்த இடத்தில் ஓர் அடையாளத் துணியைக் கட்டிவிட்டு, அங்கிருந்து சிறு வட்டமாகத் தொடங்கிப் படிப்படியாக அகட்டிக்கொண்டு போகலாம். துளிகள்மேல் நடக்கக் கூடாது. தடத்தின் ஓரமாகவே நடக்க வேண்டும். இலைகளின் மேற்புறத்தை மட்டும் பார்ப்பது பலரும் செய்யும் தவறு. மான் உரசிச் சென்ற புல்லின் பக்கவாட்டிலும், தாண்டிய மரத்துண்டின் மேலும்தான் இரத்தம் தடவியிருக்கும். ஓடை, குட்டை, அடர்ந்த புதர் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

தோல்வாரில் கட்டிய மோப்ப நாயைக் கொண்டு தேடுவதை இன்று அமெரிக்காவின் பெரும்பாலான மாகாணங்கள் அனுமதிக்கின்றன. நாய் இரத்தத்தை மட்டும் மோப்பம் பிடிப்பதில்லை. காயம்பட்ட விலங்கின் குளம்பிடைச் சுரப்பிகள் விட்டுச்செல்லும் வாசனையையும் பின்தொடரும். எனவே நம் கண்ணுக்குத் தடம் முடிந்த இடத்தில் அதற்குத் தடம் முடிவதில்லை. ஆறு மணி நேரம் நாங்கள் மூவரும் அந்த இடத்தை மிதித்துத் துவைத்த பிறகே எனக்கு இந்த யோசனை வந்தது. ஐயம் எழுந்த முதல் கணத்திலேயே நாய்க்காரரை அழைத்திருக்க வேண்டும். பக்கத்து நிலத்துக்குள் நுழைவதற்கு முன் உரிமையாளரின் அனுமதி தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மான் பிழைத்திருக்குமா?

பிழைத்திருக்கலாம். கூரிய அலகு சதையில் ஏற்படுத்தும் வெட்டு சீக்கிரம் ஆறக்கூடியது. தோளில் அம்புத்துண்டு புதைந்து, அதைச் சுற்றித் திசு மூடிய நிலையில், பின்னாளில் வேறொருவர் வேட்டையாடிய மான்கள் உண்டு. ஆனால் மார்புக்கூட்டுக்குள் முனை புகுந்திருந்தால் கதை வேறு. எனக்கு உறுதியாகத் தெரிய வழியில்லை. பிழைத்திருக்கும் என்று நம்புவது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதாலேயே அந்த நம்பிக்கையைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கனமான அம்பு உண்மையிலேயே ஆழமாகத் தைக்குமா?

தைக்கும், ஆனால் விலை கொடுக்க வேண்டும். என் வில்லில் 390 கிரெய்ன் அம்பு வினாடிக்கு 285 அடி வேகத்தில் சென்றது. அதே வில்லில் 500 கிரெய்ன் அம்பு 255 அடி வேகத்தில் செல்கிறது. இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் முன்னது 70 அடிப்பவுண்டு, பின்னது 72, வேறுபாடு பெயருக்குத்தான். உந்தத்தைக் கணக்கிட்டாலோ கனமான அம்பு ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதல். தடையை எதிர்த்துத் தொடர்ந்து முன்னேறுவதற்கு உந்தம்தான் துணை என்பதால், பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து அம்பு வாங்குவதை நான் நிறுத்திவிட்டேன். வில் நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் வேகமும் 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுநீளம், 350 கிரெய்ன் அம்பு என்ற கணக்கில் அளந்தது. நம்மில் பலருக்கு அந்த மூன்றில் ஒன்றுகூடப் பொருந்தாது.

இனி விலை. 27 மீட்டர் தொலைவை 3 மீட்டர் தவறாகக் கணித்தால் பழைய அம்பு ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் விலகும், புதியது ஆறு முதல் ஏழு. தொலைவுமானி கையில் இருக்கும்போது இது பெரிய இழப்பல்ல. ஆனால் மேலே சொன்ன பதுங்கல் கணக்கைப் புதிய அம்புக்குப் போட்டால், 36 மீட்டரில் 20 சென்டிமீட்டருக்குப் பதில் 30ஐத் தாண்டுகிறது. கனமான அம்பை எய்தால் வில்லின் ஒலி குறையும் என்பது ஓரளவு ஈடுசெய்யும், முழுதாக அல்ல. ஆகவே அம்பைக் கனமாக்கிய அன்றே என் எல்லையை 27 மீட்டராகச் சுருக்கிக்கொண்டேன். எடையைக் கூட்டிவிட்டுப் பழைய தொலைவுக்கே எய்பவர், ஒரு குறையை நீக்கி இன்னொன்றை வாங்குகிறார்.

முன்பார விகிதம் என்றால் என்ன?

அம்பு சமநிலையில் நிற்கும் புள்ளி, அதன் நடுவிலிருந்து எவ்வளவு முன்னே தள்ளியிருக்கிறது என்பதன் அளவு. 72 சென்டிமீட்டர் தண்டின் நடு 36இல் இருக்கிறது. என் பழைய அம்பு பின்முனையிலிருந்து 45 சென்டிமீட்டரில் சமநிலை கொண்டது. வேறுபாடு 9, அதை 72ஆல் வகுத்தால் 12.5 விழுக்காடு. விரலின் மேல் அம்பை நிறுத்தி வீட்டிலேயே அளந்துவிடலாம். 10 முதல் 15 வரை பொதுவானது. முன்பாரம் கூடினால் தண்டு முனையின் பின்னால் இழுபட்டு வருவதால் தைக்கும்போது வளைந்து ஆற்றலை வீணாக்குவது குறையும்.

எட் ஆஷ்பி சொன்ன 650 கிரெய்ன் எல்லோருக்கும் தேவையா?

ஆஷ்பி 1980களில் தென்னாப்பிரிக்காவின் நடால் பகுதியில் தொடங்கி, பல்லாண்டுகள் அம்புகள் விலங்குகளின் உடலில் எவ்வாறு ஊடுருவுகின்றன என்று பதிவு செய்தவர். ஊடுருவலைத் தீர்மானிக்கும் காரணிகளை அவர் வரிசைப்படுத்தியபோது முதலிடம் தந்தது எடைக்கல்ல. அம்பு உடையாமல் வளையாமல் இருப்பதற்கு. இரண்டாமிடம் அம்பு நேராகப் பறப்பதற்கு. 650 கிரெய்ன் என்பது கனமான எலும்பைப் பிளப்பதற்கு அவர் கண்ட வரம்பு. அவர் எண்ணத்தில் இருந்தவற்றுள் காட்டெருமை போன்ற பெருவிலங்குகளும் உண்டு. வெண்வால் மானுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள நான் விரும்பவில்லை. ஆனால் அவருடைய முதல் இரண்டு காரணிகள் எந்த விலங்குக்கும் பொருந்தும்.

நிலையான முனையா, விரியும் முனையா?

இங்கே என் அனுபவத்துக்கு எதிரான சான்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் மேரிலாந்தில் இந்தியன் ஹெட் கடற்படைத் தளத்தில், 1989 முதல் தொடர்ந்து வைக்கப்பட்ட வில்வேட்டைப் பதிவுகளின்படி, அலகுகள் அசையாத நிலையான முனை தைத்த 908 மான்களில் 746 கிடைத்தன. விரியும் முனை தைத்த 230இல் 209 கிடைத்தன. அதாவது 82 விழுக்காடும் 91 விழுக்காடும். அகன்ற வெட்டு நிறைய இரத்தத் தடம் தருகிறது, சற்றுத் தவறிய குறியையும் மன்னிக்கிறது என்பதே இதற்கு எனக்குத் தோன்றும் காரணம்.

அப்படியிருந்தும் நான் நிலையான முனைக்கு மாறினேன். இரண்டு தரப்பும் வெவ்வேறு தவறுகளுக்குக் காப்பீடு எடுக்கின்றன: குறி பின்னே விலகினால் விரியும் முனை உதவும், முன்னே விலகி எலும்பில் பட்டால் நிலையான முனை உதவும். என் அம்புகள் பதற்றத்தில் முன்னேதான் விலகுகின்றன என்பதை என் பழைய பதிவேட்டைப் புரட்டியபோது கண்டேன். வேறொருவருக்கு விடை நேர்மாறாக இருக்கலாம். இழுவிசை குறைந்த வில்லோ, குறுகிய இழுநீளமோ உள்ளவர்கள் அகன்று விரியும் முனையைத் தவிர்ப்பது நல்லது.

முனையை மாற்றினால் வேறு எதை மாற்ற வேண்டும்?

தண்டின் ஸ்பைனை. 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகள்மேல் தண்டை வைத்து, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் அது எவ்வளவு வளைகிறது என்பதே ஸ்பைன் எண். 340 என்றால் 0.340 அங்குலம். எண் குறையக் குறையத் தண்டு விறைப்பாகும். முன்னால் எடையைக் கூட்டும்போது தண்டு எய்கையில் அதிகமாக வளையும்; அதனால் 340இலிருந்து 300க்கு மாறினேன். இப்போதைய அம்பு: தண்டு 269 கிரெய்ன், பித்தளை இன்செர்ட் (முனையைத் திருகிப் பொருத்துவதற்காகத் தண்டின் நுனிக்குள் செருகும் துண்டு) 75, முனை 125, இறகுகள் மூன்றும் சேர்ந்து 21, நாக் 10, மொத்தம் 500. முன்பாரம் 17.5 விழுக்காடு.

பயிற்சி முனையில் நேராகச் செல்லும் அம்பு வேட்டை முனையில் திசை மாறலாம். நிலையான அலகுகள் காற்றில் சிறகுபோல் வேலை செய்வதே காரணம். இரண்டு முனைகளையும் ஒரே இலக்கில் மாற்றி மாற்றி எய்து, இரண்டும் ஒரே இடத்தில் விழும்வரை வில்லைச் சீர்செய்ய வேண்டும். இது எனக்கு மூன்று வாரம் பிடித்தது. சாய்வாகப் பறக்கும் கனமான அம்பைவிட நேராகப் பறக்கும் இலேசான அம்பு ஆழமாகத் தைக்கும் என்பதைக் களிமண் இலக்கிலேயே கண்டேன்.

கூர்மை எவ்வளவு இருக்க வேண்டும்?

இழுத்துக் கட்டிய ரப்பர் வளையத்தின்மேல் அலகை வைத்து, அழுத்தாமல் இழுத்தாலே அறுபட வேண்டும். கடையிலிருந்து வந்த புதிய முனைகளில் சில இந்தச் சோதனையில் தோற்றன. பயிற்சிக்கு எய்த முனையைத் தீட்டாமல் வேட்டைக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

ஒரு பருவத்துக்குள் எத்தனை மாற்றங்கள் செய்யலாம்?

ஒரு நேரத்தில் ஒன்று. முனை, தண்டு, இன்செர்ட், இறகு எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரித்தறிய முடியாது. நான் குளிர்காலத்தில் தண்டையும் இன்செர்ட்டையும் முடித்து, வசந்தத்தில் முனையைத் தேர்ந்து, கோடை முழுவதும் பரணிலிருந்தே எய்து பழகினேன். பருவம் தொடங்க ஒரு மாதம் இருக்கையில் பெட்டியை மூடிவிட்டேன். அதன்பின் நாண் தேய்ந்திருக்கிறதா, திருகுகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்ததோடு சரி.